ஒரே நொடியில் விழித்த இரண்டு கணினிகள்

என் வாயாடிக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓரிடத்தில் உட்காரத்தான் மனம் வரவில்லை, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே போனில் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு சின்னக் கூத்து. பயப்படாதே, வேலை போகவில்லை. நாங்கள் மென்பொருள் செய்துகொடுத்த மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே எண் விழுந்துவிட்டது. "ஒரே நம்பர்ல ரெண்டு பேரு ரத்த ரிப்போர்ட் நிக்குது, நான் எதை நம்புறது?" என்று நர்ஸ் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். நல்லவேளை, மருந்து கொடுப்பதற்குள் கவனித்திருக்கிறார்.

தப்பு என்னுடையது. எங்கள் ஆபீஸ் கணினியில், தட்டுகிற விசை, வந்துபோகிற தகவல் என்று கிடைத்த இரைச்சலையெல்லாம் சிஸ்டமே திரட்டி, குலுக்கி, ஒன்றைப்போல் இன்னொன்று வராத எண்ணாக எடுத்துக் கொடுக்கும். மருத்துவமனையில் இருப்பது வேறு சிஸ்டம். அதில் எண் எடுக்க நான் கடிகாரத்தை மட்டும் நம்பிவிட்டேன். ஒரே நொடியில் ஆன் செய்த இரண்டு கணினிகளும் ஒரே எண்களை வரிசையாக ஒப்பித்தன. இப்போது சரிசெய்தாயிற்று.

எனக்குத்தான் இந்த ஊரில் குலுக்க ஓர் இரைச்சலும் இல்லை. அதே பஸ், அதே நாற்காலி. போனில் நீ "சாப்டீங்களா?" என்பாய், நான் "ஆச்சு" என்பேன்.

ஒரு வேலை செய். போனைச் சமையலறையில் வைத்து ஒரு மணி நேரம் பதிவுசெய்து அனுப்பு. என்னோடு பேச வேண்டாம். பாப்பாவை அதட்டு, குக்கரை அலறவிடு.

ஜன்னலுக்குக் கீழே ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. நடுவில் என் பேர் அடிபட்டால் அதை மட்டும் வெட்டிவிடாதே.