வாடகை மண்ணில் வேர்விட்ட செடிகள்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்துவாள், அதனால் கடையில் ரிப்பேருக்கு வந்த ஒரு பிரிட்ஜின் தலைமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் உள்ளே மோட்டார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்காரரின் மகள் குடும்பத்தோடு வருகிறாளாம், அவர் வீடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகராறு வந்தது வாசல் ஓரத்துப் பூச்செடிகளால். நாம் குடிவந்தபோது அங்கே செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் கிடந்தன. அம்மா அதையெல்லாம் பொறுக்கி எறிந்து, ஒரு தடவை வைத்தால் வருஷாவருஷம் தானே துளிர்த்துப் பூக்கிற வகையாகத் தேடித்தேடி வைத்தாள், சாமந்தி, கிழங்கு லில்லி, அப்புறம் நான் ஊதாக்காரி என்று கூப்பிடும் அந்தப் பெயர் தெரியாத ஊதாப் பூ. பூத்து முடிந்தால் எல்லாம் கருகி மண்ணோடு மண்ணாகிவிடும், செத்துவிட்டது என்று நான் பிடுங்கப் போவேன், அம்மா கையைத் தட்டிவிடுவாள், ஒரு மழை விழுந்ததும் எல்லாம் முளைத்து என் முகத்தில் கரியைப் பூசும். கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டே அதன் வியாதியைச் சொல்லிவிடுகிற எனக்கு, செடியைப் பார்த்தால் அது செடி என்பதைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

செடிகளை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லப் போனால் வீட்டுக்காரர், மண்ணுல எறங்குனதெல்லாம் வீட்டோட சேர்ந்தது சார், ஒரு செடி கொறையக் கூடாது, எம்பொண்ணு அந்தப் பூவப் பாத்துதான் வரவே சம்மதிச்சா என்கிறார். எனக்கு வந்ததே கோபம், அப்ப இத்தன வருஷம் விட்ட மூச்சையும் இங்கயே வச்சிட்டுப் போகவா என்று கேட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அம்மா, போன காரியத்தக் கெடுத்துட்டு வந்தாச்சா, இப்ப நிம்மதியா என்றாள். அன்றைக்குப் பார்த்து நீயும் போனில், செடிதானேம்மா, புதுசா வாங்கிக்கலாம் என்றாய். உனக்கு விழ வேண்டிய திட்டும் எனக்கே விழுந்தது தம்பி. அதற்கப்புறம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவாள், நடுவில் எழுந்துபோய் ஜன்னலில் நின்றுவிடுவாள். நான் என்ன சொன்னாலும் ம் என்பாள், இவ்வளவு காலத்தில் அவள் எனக்கு ம் மட்டும் சொன்னதே கிடையாது.

கடைசியில் அவளே போய்ப் பேசினாள். ஒரு செடியும் கொறையாதுங்க, ஆனா தூரெல்லாம் பெருத்து நடுவுல காய ஆரம்பிச்சிடுச்சு, இப்பப் பிரிச்சு நடலேன்னா அடுத்த வருஷம் பூக்காது, பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு என்றாளாம். அவர் யோசித்துவிட்டு, சார் வாயத் தெறக்காம வெட்டுறதா இருந்தா வெட்டிக்கோங்கம்மா என்றாராம். எனக்குக் கிடைத்த மரியாதையைப் பார்.

நேற்று நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு வெட்டினேன். அம்மாவுக்குக் குனிய முடியாது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அங்க இல்ல, இங்க, நறுக்குன்னு ஒரே போடா போடுங்க, என்ன தடவிக் குடுக்குறீங்க என்று அதிகாரம் பண்ணினாள். அத்தனை பெரிய தூரை மண்வெட்டியால் இரண்டாகப் பிளக்கும்போது வேர் அறுபடுகிற சத்தம் கேட்டு இரண்டு தடவை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். வெட்டினதில் பெரிய துண்டுகளை நம் சாக்கில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் அம்மா எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பெரியதைக் குழிப்பக்கம் ஒதுக்கிவிட்டு, நோஞ்சானாக இருந்த சின்னத் துண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருக்கிறாள். இடுப்பு ஒடிய வெட்டுனது நானு, நல்லதையெல்லாம் அந்த மனுஷனுக்கா தார வாக்குற என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அவள் நிமிரவே இல்லை. சின்னது எங்கூட வருது, நான் பாத்துக்குவேன், இங்க இருக்கப்போறத இனிமே யாரு பாப்பா, பெருசா இருந்தாத்தானே தனியாத் தாங்கும் என்றாள். நான் பெரியதையெல்லாம் குழியில் வைத்து மண் தள்ளி, தண்ணீர் ஊற்றினேன். கோபம் இன்னும் இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு, பேச்சை அவளிடம் விட்டுவிட்டு நீ கேட்டுக்கொண்டிரு. பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. புது முகவரி பின்பக்கம் இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், மனசு தளராமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மாவின் ஆசியோடும் என் ஆசியோடும்,
இடுப்பில் தைலம் மணக்க,
உன் அப்பா