ஐந்து ரூபாக் குத்தியின் கனம்

அன்பு ஸுஹைனாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். உம்மாவின் முழங்கால் நோவு குறைந்ததா? ஏறாவூரில் மழை தொடங்கிவிட்டதா?

இங்கே கனடாவில் ஒரு சிரிப்புக் கதை. "மச்சான் அடிச்ச பலகைக்குள்ள எறும்பும் போகாது" என்று பெருமையடிப்பாயே, அப்படியே கூரைக் கைமரங்களின் மேல் பிளைவூட் பலகைகளை நெருக்கி அடித்தேன். மூன்று நாள் மழையில் பலகைகள் உப்பி, ஒன்றையொன்று தள்ளி, கூரை ஒட்டக முதுகாகிவிட்டது. வேலையை மேற்பார்க்கும் போர்மன் என்னைக் கீழே சுமை தூக்க அனுப்பப் பார்த்தார். "நானே கழற்றி நானே அடிக்கிறேன்" என்று பிடிவாதமாய் நின்றுவிட்டேன். நாற்பது பலகைகள், இரண்டு நாள் வேலை.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, ஊரிலிருந்து என் சட்டைப்பையோடு வந்த ஐந்து ரூபா நாணயக் குத்தியின் கனம்தான். அதை வைத்தே அடித்தேன். நேற்றுப் பெருமழை பெய்தும் ஒரு பலகை அசையவில்லை. அடுத்த கூரை முழுக்க என் பொறுப்பு.

கடைசிப் பலகையில் குத்தி கைதவறி விழுந்து தொலைந்துவிட்டது. உன் கூடப்பிறந்த காக்கா அக்ரம் இங்கே வரும்போது ஒன்று கொடுத்தனுப்பு. ஓர் ஆணியை வைத்தும் அளக்கலாம் என்கிறார் போர்மன். அளக்கலாம்தான். ஆனாலும் நீ மீன் வாங்கப் போகும்போது கையில் பொத்திக்கொண்டு போகிற குத்தியையே அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

றிஸ்வி