கவிழ்த்து வைத்த துண்டு

வாப்பா, உங்கள் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினேன். மை மணத்தது. உம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து உடனே மூடினேன். மணம் யாருக்கும் கேட்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. லாம்பைத் தணித்துவைத்துப் பென்சிலால் எழுதுகிறேன்.

நாளைக் காலை, உங்களோடு படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துச் சேர் விடைத்தாள் கட்டை எடுக்க வருகிறார். உங்களுக்காக உம்மா நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறா. வேற்று ஆண்கள் முன் வரமாட்டா. நான்தான் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் நீங்களும் சேரும் நற்பிட்டிமுனை மிஸ்ஸும் நம் வீட்டில் கூடுவீர்கள். படிப்பிப்பதையும் புள்ளி போடுவதையும் ஒருவரிடமிருந்து ஒருவர் பழக வேண்டும் என்பீர்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் பழகுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். ஒரே விடைத்தாளை மூவரும் வாசித்து, ஆளுக்கொரு துண்டில் புள்ளி எழுதிக் கவிழ்த்து வைப்பீர்கள். பிறகு ஒன்றாகத் திருப்புவீர்கள்.

கடைசியாகக் கூடிய அன்று மிஸ் அறுபத்தொன்று போட்டிருந்தா. சேர் முப்பத்திநாலு. நீங்கள் முப்பத்தைந்து.

“பக்கம் முழுக்க வட்டை, வட்டை எண்டு கிடக்கு. வட்டத்தைப் பிழையா எழுதிப்போட்டினமோ?” என்றார் சேர்.

மிஸ் சிரித்துவிட்டா. “வயல்வெளியத்தான் நாங்க வட்டை எண்டு சொல்ற, சேர்.” பிறகு உங்களைப் பார்த்தா. “அவருக்குத் தெரியா, சரி. நீங்க வீட்டில வயலுக்குப் போறன் எண்டா சொல்லிட்டுப் போற?”

“சோதினையில புத்தகத் தமிழ்தான் எழுதணும்,” என்றீர்கள். குரல் இறங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, தேத்தண்ணி கொண்டுவந்த என்னிடம் சொன்னீர்கள்: “நம்மட சொல்லையே நான் வெட்டிட்டன், மகள். சனிக்கிழம திருப்பி வாசிக்கணும்.”

வியாழக்கிழமை நீங்கள் மௌத்தானீர்கள். அன்றே அடக்கிவிட்டார்கள்.

உங்கள் பாடம், அதனால் உங்கள் புள்ளிதான் முடிவு. நாற்பது எடுத்தால்தான் பாஸ். யாருடைய தாளோ தெரியாது. சுட்டெண் மட்டும் இருக்கிறது. முப்பத்தைந்தில் மூன்றை ஐந்தாக்க ஒரு கோடு போதும், உங்கள் எழுத்தும் எனக்கு வரும். அதற்காகத்தான் பேனையைத் திறந்தேன். ஆனால் திருப்பி வாசிக்கணும் என்றுதானே சொன்னீர்கள். எத்தனை போடுவீர்கள் என்று சொல்லவில்லையே.

வேறொரு துண்டில் என் எழுத்தில் எழுதினேன்: “வாப்பா இதைத் திருப்பி வாசிக்க இருந்தவர். வட்டை என்ற சொல்லை வெட்டியது பிழை என்று என்னிடம் சொன்னவர்.” புள்ளி போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் சொல்லைச் சேர் நம்புவாரா? யாரிடம் கேட்பது? உம்மாவிடம் உங்கள் பெயரை எடுத்தாலே அழுகிறா.

அந்தத் தாளைக் கட்டின் மேலே எடுத்து வைத்து, துண்டை அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சேர் திருப்பட்டும்.

இந்தக் கடிதத்தையும் உங்கள் மேசை லாச்சிக்குள் கவிழ்த்துத்தான் வைக்கிறேன், வாப்பா. இதைத் திருப்ப ஆளில்லை.