“சொல்லி அனுப்புறோம்”

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அல்மாத்தியில் நான் நலம்.

நேற்றைய வங்கி நேர்காணலிலும் “சொல்லி அனுப்புறோம்” என்றுதான் சொன்னார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் உள்ளே போய்வந்த ரௌஷான் என்ற பெண்ணும் அங்கேதான் இருந்தாள்.

“உனக்கும் சொல்லி அனுப்புறாங்களாமா? பாவம்டி, நம்மளத் தேடி ஊரெல்லாம் ஆள் அலையப் போறான்!” என்றாள். சிரித்துக்கொண்டே ஒரு சம்சாவை இருவரும் பிட்டுத் தின்றோம். அதனால் கவலைப்படாதீர்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை இருக்கவே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இன்னொரு நேர்காணல். காலையில் போன் செய்யுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சின்ன வயதில் கூப்பிட்டது போல “என் ஒட்டகக்குட்டி” என்று ஒருமுறை கூப்பிடுங்கள். போகிற இடமெல்லாம் என்னை “அடுத்த ஆள்” என்றுதான் கூப்பிடுகிறார்கள், அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
அக்மரால்