முதல் இருபது நிமிடங்கள்

ஏப்ரல் 11

பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் முடிந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர் ஏன் மூண்டது என்ற கேள்விக்கு ஒருவன், "யாரும் யாரையும் மன்னிக்கவில்லை" என்று ஒரே வரி எழுதியிருக்கிறான். முழு மதிப்பெண் போட்டேன்.

மாலையில் கராஜுக்குப் போய் வண்டியின் மேல் கிடந்த துணியை உருவினேன். அறுபத்தொன்பதாம் வருடத்து பான்டியாக் ஜிடிஓ. வெளியே இன்னும் பளபளப்பு, உள்ளே கிழட்டு என்ஜின். போன செப்டம்பர் ஊர்க் கார் பந்தயத்தில், அறிவிப்பாளனாக நின்ற டுவெய்ன் மைக்கில் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "அடுத்து நம்ம ஹார்லன் வாத்தியார்! வரலாறு எடுக்கிறவரு, வண்டியும் வரலாறுதான். பெல் அடிக்கறதுக்குள்ள கோட்டைத் தொட்டுருவாரான்னு பாப்போம்!" மைதானமே சிரித்தது. என் மனைவியாக இருந்த லோயிஸும் சிரித்தாள்.

டுவெய்ன் அவளுடைய தம்பி. ஆறு வருடத்துக்கு முன், நான் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தன் டிரக்கைக் கொண்டுவந்து அவளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போனவன். போகிற போக்கில் என்ஜினை இறக்கி ஏற்ற நான் வைத்திருந்த தூக்கியையும். மனைவி போனது அவள் முடிவு. தூக்கி என்ன முடிவு எடுத்தது?

இந்த செப்டம்பரில், பந்தயத்தில் அவனும் ஓட்டுகிற மஸ்டாங் காரை எல்லோர் முன்னாலும் தோற்கடிப்பேன். அப்புறம் அந்த மைக்கை அவன் கையிலிருந்து வாங்குவேன்.

ஏப்ரல் 25

வெர்னின் உதிரிபாகக் கடை. என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் புது கேம் ஷாஃப்ட், அதன் மேல் உரசி ஓடும் லிஃப்டர்கள், சிலிண்டர் ஹெட், பெரிய கார்புரேட்டர் என்று சொல்லச் சொல்ல வெர்ன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"இதெல்லாம் போட்டா பால் வாங்கக் கடைக்குப் போக முடியாதுப்பா."

"பால் வாங்கப் போகல."

"அப்ப யாரைப் புதைக்கப் போற?"

"உனக்கே தெரியும்."

"அவன் நேத்துதான் வந்துட்டுப் போனான். மச்சான் எப்படி இருக்காருன்னு கேட்டான்."

விவாகரத்து ஆகி இத்தனை வருடம் கழித்தும் மச்சானாம்! என்ன துணிச்சல்.

மே 30

வாடகைத் தூக்கியில் என்ஜினை இறக்கினேன். சொந்தத் தூக்கி இருந்தவன்.

ஜூன் 21

பள்ளி விடுமுறை. காலை முதல் சாயங்காலம் வரை கராஜ்தான். கேம் ஷாஃப்டில் தேய்மானம் தடுக்கும் கறுப்புப் பசையைத் தடவி, கீறல் விழாமல் உள்ளே நுழைத்தேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனம். ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் டுவெய்னிடம் சொல்ல வேண்டியதில் ஒரு வாக்கியத்தைச் செதுக்குகிறேன். போல்ட்டும் வாக்கியமும் ஒன்றாக இறுகுகின்றன.

வெர்ன் எச்சரித்தான். "முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினா இருபது நிமிஷம் வேகத்தைக் குறைக்கவே கூடாது. நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேலயே நிக்கணும். மெதுவா ஓடினா கேம் மேல எண்ணெய் தெறிக்காது, இரும்பு இரும்பைத் தின்னுரும். பக்கத்துல ஒரு ஆளை வச்சுக்கோ. சூடேறினா ரேடியேட்டர்ல தண்ணி அடிக்கணும்."

ஆள் யாரும் வேண்டாம். ஆறு வருடமாக எனக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 18

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கார்புரேட்டரில் கையை வைத்து வேகம் குறையாமல் பிடித்து வைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது நிமிடத்தில் பாதி கூட ஆகியிருக்காது, வாசலில் டிரக் வந்து நின்றது. டுவெய்ன் இறங்கினான்.

என்னவோ சொன்னான். வாய் அசைந்தது, காதில் விழவில்லை. இளித்துக்கொண்டே டிரக்கைக் காட்டினான். ஆறு வருடத்தில் முதல் முறையாக என் கராஜில் கால் வைக்கிறான். என்னிடம் எல்லா வாக்கியமும் தயார். ஆனால் இந்தச் சத்தத்தில் எதைச் சொல்ல?

கையை எடுத்தேன்.

என்ஜின் தணிந்தது. சொன்னேன். "நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் தொறந்தா, கார்ப்பெட்ல சோபா இருந்த தடம் மட்டும் கெடக்குடா! ஒரு போன் பண்ணணும்னு உனக்குத் தோணலயா? ஊருக்கே தெரியும், எனக்குத்தான் கடைசியில—"

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறிப்போனது.

"மச்சான், ஏத்து! வேகத்தை ஏத்து!"

"மச்சான்னு சொல்லாதே! நான் பேசி முடிக்கறேன்—"

"ஐயோ, அப்புறம் திட்டு மச்சான், கேம் போயிரும்!"

என்னை இடித்துத் தள்ளிவிட்டு அவனே கார்புரேட்டரைப் பிடித்து வேகத்தை ஏற்றினான். அதற்குள் கேம் தேயும் சத்தம் வந்துவிட்டது. டிக், டிக், டிக். இருவரும் கேட்டோம். அவன்தான் சாவியைத் திருப்பி அணைத்தான்.

அவன் டிரக்கின் பின்னாலிருந்து என் தூக்கியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். அதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறான்.

ஜூலை 19

ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். மடிப்புக்கு மடிப்பு வெள்ளி நிறத்தில் இரும்புத் தூள். கேம் போனது. அந்தத் தூள் எங்கெங்கே போயிருக்கிறதோ, மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். இனி செப்டம்பர் பந்தயம் இல்லை.

அவன் மேல் பழி போட நாள் முழுக்க முயன்றேன். ஏன் அந்த நேரம் பார்த்து வந்தான்? ஏன் இளித்தான்? கையை எடுத்தது யார் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் வழக்கு நின்றுபோகிறது.

ஆகஸ்ட் 2

தூக்கி வெளியே மழையில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 16

உள்ளே உருட்டி வந்தேன். சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருக்கிறான். தூக்கியின் எண்ணெய் சிலிண்டருக்குப் புது சீல் மாற்றியிருக்கிறான். என் காலத்தில் அது கசியும். அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா என்ன? என்ஜினை இறக்கினேன்.

செப்டம்பர் 6

பந்தயம். போகவில்லை. வெர்ன் போன் செய்தான்.

"உன் பேர் வந்ததும் டுவெய்ன் என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன, வாத்தியார் லீவுன்னா?"

"'ஹார்லன் இந்த வருஷம் வரல, கேம் போயிருச்சு'ன்னான். அவ்வளவுதான்."

"ஜோக் எதுவும் அடிக்கலயா?"

"இல்ல. கூட்டமும் சிரிக்கல. கேம் போறதுன்னா என்னன்னு இங்க எல்லாருக்கும் தெரியுமில்ல."

ஜோக் அடித்திருந்தால் என் கோபம் இன்னும் ஒரு வருடம் தாங்கியிருக்கும்.

மஸ்டாங் முதலில் வந்ததாம். பாவி.

அக்டோபர் 16

துடைத்து, அலசி, எல்லாம் திரும்பப் பூட்டியாகிவிட்டது. புதுக் கேம் உள்ளே. அடுத்த செப்டம்பரில் அவனைத் தோற்கடிக்கிற எண்ணத்தில் மாற்றமில்லை. அதை அவனிடமே போனில் சொன்னேன். "சரி மச்சான், தோற்கடி. அதுக்கு முதல்ல வண்டி ஓடணும்ல?" என்றான்.

நாளை காலை பத்து மணிக்கு ரேடியேட்டரில் தண்ணீர் அடிக்க வருகிறான். முதல் இருபது நிமிடம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.