அப்பாவின் நீல லாரி

மார்ச் 4
பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் வலது கை மடியிலேயே கிடக்கிறது. பேச்சும் திக்கித் திணறி ஓரிரு சொல்தான். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை இன்றும் இடது கையால் வீசியெறிந்தார். "கையில உயிர் இருக்கு. அவர்தான் முயற்சியே பண்ண மாட்டேங்கறாரு. இப்படியே விட்டா விரல் மடங்கிடும். ஆசைப்பட்டதா ஏதாவது குடுத்துப் பாருங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

என்னப்பா வேணும் என்றேன். வியர்த்து விறுவிறுத்து இரண்டே சொல்: "லாரி. நீலம்."

சின்ன வயதில் வைத்திருந்ததாகச் சொல்வாரே, அந்தப் பொம்மை லாரியா? "ஆமா."

சரி, கண்டுபிடித்தே தீருவேன்.

மார்ச் 6
அப்பாவின் தங்கைக்குப் போன் செய்தேன். "தகர லாரிடி. மூக்கு நீண்டிருக்கும். பக்கத்துல ஒரு பிடி. இழுத்தா பெட்டி தூக்கி மண்ணைக் கொட்டும். என்னைத் தொடக்கூட விட்டதில்ல உங்கப்பன், மகராசன்!" என்றாள் அத்தை.

மார்ச் 9
போனில் படம் படமாகக் காட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் "இல்ல". தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். நானும் அவர் பெண்தானே, பார்க்கலாம்!

மார்ச் 15
பழைய பொம்மைகள் விற்பவர், பிடி எந்தப் பக்கம் என்று கேட்டார். அத்தையைக் கேட்டுச் சொன்னேன்: இடது பக்கம், கதவுக்குப் பின்னால். "அப்போ இது ஒண்ணுதான். மத்த கம்பெனி லாரிக்கெல்லாம் பிடி பின்னாடி இருக்கும்" என்று உள்ளேயிருந்து எடுத்து வந்தார். நீலம். நீண்ட மூக்கு. ஒரு கீறல் இல்லை. விலையை இங்கே எழுதமாட்டேன்.

மாலை
இல்லங்கறார்! திருப்பித் திருப்பிப் பாத்துட்டு — இல்லயாம். இதுக்கா இத்தனை அலைச்சல்? அழுகையா வருது. இப்ப என்ன பண்றது? வேற லாரி தேடணும், வேற என்ன.

மார்ச் 16
காலையில் எட்டிப் பார்த்தேன். லாரி அவர் மடியில். இடது கை அதை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை — அந்த வலது கை! — முன்சக்கரத்தைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. டக்கென்று சக்கரம் கழன்று கட்டிலடியில் உருண்டது.

நொண்டி லாரியைத் தூக்கிக் காட்டினார். "ஆமா."

போனில் சொன்னதும் அத்தை அலறினாள்: "ஐயோ, மறந்தே போச்சுடி! அவன் லாரிக்கு எப்பவும் மூணு சக்கரந்தானே!"

மார்ச் 22
ரப்பர் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தினமும் காலையில் சக்கரத்தை நான் மாட்டிவைக்கிறேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே கழற்றுகிறார். இன்று இரண்டாவது இழுப்பிலேயே வந்துவிட்டது.