டென்சில் கூப்பிட்ட சொல்

பொம்மனஹள்ளி,
25.11.1999

அன்பு மகன் ரகுராமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஆடுகள் எல்லோரும் சுகம். மஸ்கட் வெயிலில் நீ கருவாடாகாமல் சுகமாய் இருக்க முருகனை வேண்டுகிறேன். போட்டோவில் தொப்பை தெரிகிறது, சமையல் நீதானா இல்லை யாரையாவது பிடித்துவிட்டாயா, ஒழுங்காகச் சொல்லிவிடு.

நம் டென்சில் ஐயா ஆடி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். மந்தையை நம்மிடம் விட்டுப் போனார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கே வந்து குடியேறிய மனுஷன், செவலைத் தலையும் தொங்கு காதுமாய் அந்தப் புது ஜாதிக் கிடாயை லாரியிலிருந்து இறக்கியபோது இது ஆடா நாயா என்று தெருவே சிரித்தது. இன்று நம் தெருவில் காது தொங்காத குட்டி ஒன்றைக் காட்டு பார்க்கலாம். அவர் ஊர்ப் பாஷையில் வா என்பதற்குக் 'கொம்' என்று ஆடுகளைக் கூப்பிடுவார். எனக்கு எங்கே விளங்கியது, கொம்பைத்தான் சொல்கிறார் என்று 'கொம்பு, கொம்பு' என்று கத்துவேன், அதுகளும் ஓடி வரும். உங்க கொம்பு என் கொம்மைவிட ஜோரா வேலை செய்யுதேம்மா என்பார். அப்படிக் கூப்பிடுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

அவர் போன பிறகு மத்தியான வேளையில் ஆடுகள் மேய்வதை விட்டுத் தலை தூக்கி ஏரிப் பக்கமே பார்க்கும், பிறகு வரிசையாக அங்கே போகும், அவர் முகமே பார்க்காமல் பிறந்த குட்டிகளும் சேர்ந்து போகும். டென்சில் ஐயா கூப்பிடுகிறார் போல, செத்தும் ஓய்வில்லை என்று நான் சிரித்தேன். பக்கத்து வீட்டு லட்சுமம்மா சிரிக்கவில்லை, கன்னடத்தில் பேடா அக்கா, வேண்டாம், பின்னாடி போகாதீங்க என்றாள்.

போன வெள்ளி குழாயடியிலிருந்து பார்த்தால் ஆடுகள் போகின்றன. பின்னாலேயே ஓடினேன். ஆடுகள் கரையில் நின்றுவிட்டன. உன் அப்பா மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் கோரைப் புல்லைப் பார்த்து, வரேன் வேதா, வரேன் என்று என் பேரைச் சொல்லியபடி போய்க்கொண்டிருக்கிறார். கத்தினேன். திரும்பிப் பார்த்து, நீ இங்க இருந்தா அங்க கூப்பிடுறது யாருடி என்றார். அப்போதுதான் என் காதிலும் விழுந்தது. கோரைக்குள்ளிருந்து கொம்பு, கொம்பு என்று. டென்சில் குரல் இல்லையடா. என் குரல்.

இழுத்து வந்துவிட்டேன், சளி மட்டும்தான், பயப்படாதே. இப்போதெல்லாம் ஆட்டைக் கூப்பிடுவதில்லை, தகரத் தட்டைத் தட்டுகிறேன். அப்பாவைக் கிட்டே போய்த் தோளைத் தொட்டுத்தான் அழைக்கிறேன், கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு தொட்டதில்லை. ஆடுகளை விற்றுவிடலாம் என்றால், நம்பி விட்டுப் போன உயிருங்க என்கிறார். ஏரிப் பக்கம் போகக் கூடாது என்று நீ போனில் கண்டித்துச் சொல், மகன் பேச்சைக் கேட்பார்.

நோய் நொடியில்லாமல் நூறாயுசு இருப்பாய். எண்ணெய் தேய்த்துக் குளி. அங்கே கடல் பக்கம் என் குரலில் ராசா, ராசா என்று கேட்டால் திரும்பாதே. நான் எந்தக் காலத்தில் உன்னை ராசா என்றேன், சோம்பேறி என்றால்தான் அது அம்மா.

உன்னைப் பெற்ற
வேதநாயகி